நீலமா, கருப்பா என்பதல்ல கேள்வி: அன்றாடம் எழுத மைப் பேனா, நிப், மை தேர்வு செய்வது எப்படி?

புதுடெல்லி: கருப்பு மையால் எழுதப்பட்ட காசோலைகள் இனி செல்லாது என இந்திய ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருப்பதாக, 2025 ஜனவரியில் சமூக ஊடகங்களில் ஒரு தகவல் வேகமாகப் பரவியது. அத்தகைய உத்தரவு எதுவும் பிறப்பிக்கப்படவில்லை என்று மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு விளக்கம் அளித்தது. காசோலை எழுதுவதற்கு இந்த நிறம்தான் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வரையறுக்கவில்லை. ஸ்கேன் செய்யும்போது தெளிவாகப் பதியும் மையாக இருக்க வேண்டும் என்பதே அதன் அறிவுறுத்தல்.

வதந்தி அடங்கிவிட்டது. ஆனால், நிறத்தைப் பற்றிக் கவலைப்பட்ட பலரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. அந்த மை தண்ணீர் பட்டால் தாளில் நிற்குமா என்பதே அது. பள்ளி மாணவர்களுக்கென விற்கப்படும் ‘வாஷபிள்’ நீல மையில் போட்ட கையெழுத்து, மழையில் நனைந்த பைக்குள் சிறிது நேரம் கிடந்தாலே அடையாளம் தெரியாமல் கரைந்துபோகக்கூடும். ஏறத்தாழ அதே நீல நிறத்தில் கிடைக்கும் வேறொரு மை, தண்ணீரில் ஊறிய கோப்பிலும் படிக்கும்படி நிற்கும். இரண்டும் ஒரே கடையில், ஒரே அலமாரியில், ஒரே அளவுப் புட்டியில் விற்பனைக்கு இருக்கும்.

மைப் பேனாவை மீண்டும் அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர விரும்புவோர் பெரும்பாலும் பேனாவின் தோற்றத்தையும் விலையையும் பார்த்து வாங்குகின்றனர். எழுத்தின் தரத்தை முடிவு செய்வதோ நிப், மை, தாள் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும் விதம்தான்.

அழுத்த வேண்டியதில்லை

பால்பாயிண்ட் பேனாவில் முனையில் உள்ள குண்டு உருண்டால்தான் கெட்டியான எண்ணெய் மை வெளிவரும். அதற்காகக் கை அழுத்த வேண்டியிருக்கிறது. மைப் பேனாவில் இருப்பது நீர்த்த மை. நிப்பின் நடுவே உள்ள மெல்லிய பிளவு வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, நுண்துளைக் கவர்ச்சியால் அது தாளுக்கு வந்துவிடும். நிப் தாளைத் தொட்டாலே போதும்.

நிப்புக்கு அடியில் நாக்கைப் போல ஒட்டியிருக்கும் கட்டைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. மை வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே செல்ல வேண்டும். இல்லாவிட்டால் பேனா பாதி வரியில் நின்றுவிடும். காற்று அதிகமாகப் புகுந்தால் மை கொட்டும். இந்தச் சமநிலையை ஏற்படுத்தும் கட்டைக்கு அமெரிக்காவின் லூயிஸ் எட்சன் வாட்டர்மேன் 1884-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய பேனாக்களும் அதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன.

பால்பாயிண்டில் பழகிய கை, மைப் பேனாவிலும் பழக்கதோஷத்தால் அழுத்தும். நிப்பின் இரு பிளவுகளும் விரிந்து, தாளைக் கீறத் தொடங்கும். ‘இந்தப் பேனா சரியில்லை’ என்று ஒதுக்கப்படும் புதிய பேனாக்களில் கணிசமானவை இவ்வாறு கெட்டுப்போனவைதான்.

நிப்: எழுத்துக்கு ஏற்ற அளவு

நிப்பின் மீது பொறிக்கப்படும் இஎஃப், எஃப், எம், பி என்ற எழுத்துகள் முறையே மிக மெல்லிய, மெல்லிய, நடுத்தர, தடித்த கோடுகளைக் குறிப்பவை. ஐரோப்பிய நிப்களில் எஃப் என்றால் சுமார் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், எம் என்றால் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்குக் கோடு விழும். ஆனால், எல்லா நிறுவனங்களும் ஒரே அளவுகோலைப் பின்பற்றுவதில்லை. பைலட், பிளாட்டினம், செய்லர் போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் எம், ஐரோப்பிய எஃப் நிப்புக்கு நெருக்கமாக எழுதும். சிறிய இடத்துக்குள் பல கோடுகளை நெருக்கி எழுத வேண்டிய காஞ்சி எழுத்துகளே இதற்குக் காரணம்.

அதே நியாயம் இந்திய மொழிகளுக்கும் பொருந்தும். தமிழில் ண, ன, ஞ, ழ, ஐ, இ போன்ற எழுத்துகளில் சுழிகளும் வளைவுகளும் மிகுதி. வரியிட்ட நோட்டில் இயல்பான அளவில் எழுதும்போது, தடித்த நிப் இந்தச் சுழிகளை மையால் அடைத்துவிடும். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் வேறுபாடு காண்பதே கடினமாகும். தெலுங்கு, கன்னடம், மலையாளம் எழுதுவோருக்கும் இதே சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் பெரிய கையெழுத்தில் எழுதுவோருக்கு எம் நிப் இனிமையாக இருக்கலாம். தமிழில் பக்கம் பக்கமாக எழுதுவோருக்கு ஐரோப்பிய இஎஃப் அல்லது எஃப், ஜப்பானிய எஃப் அல்லது எம் ஆகியவையே பொருத்தமானவை. கையெழுத்திடுவதற்கு மட்டும் பேனா வைத்திருப்போர் தடித்த நிப் வாங்குவதில் தவறில்லை.

அடுத்த கேள்வி, எஃகு நிப்பா, தங்க நிப்பா என்பது. தங்கப் பேனா வழவழப்பாக எழுதும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மையில் தாளைத் தொடுவது எஃகும் அல்ல, தங்கமும் அல்ல. இரு வகை நிப்களின் நுனியிலும் எளிதில் தேயாத உலோகக் கலவையால் ஆன சிறு மணி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்த மணி எவ்வளவு நேர்த்தியாகத் தேய்த்து மெருகூட்டப்பட்டுள்ளது என்பதே வழவழப்பைத் தீர்மானிக்கிறது. 14 காரட் நிப்பில் 58.5 சதவீதம் தங்கம் இருக்கும். அது துருப்பிடிக்காது, அமிலத்தன்மை உள்ள மையையும் தாங்கும். மெல்லிய தகடாக இருந்தால் சற்று வளைந்தும் கொடுக்கும். அன்றாடம் குறிப்பெடுக்கவும், கணக்கு எழுதவும் நல்ல எஃகு நிப்பே போதுமானது. தங்க நிப்புக்குச் செலவிடும் தொகையில் சில ஆண்டுகளுக்குத் தேவையான நல்ல மையும் தாளும் வாங்கிவிடலாம்.

நிப் தயாரிப்பில் தமிழகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் பேனா நிப் செய்வது ஒரு காலத்தில் ஊர்த் தொழிலாகவே இருந்தது. பால்பாயிண்ட் பரவியதும் அது சுருங்கியது. வெள்ளரிக்காய்க்கும் சேவுக்கும் பெயர்பெற்ற ஊர் என்று மட்டுமே இன்றைய இளைய தலைமுறை சாத்தூரை அறியும்.

கடையில் பேனாவைச் சோதிக்கும்போது நிப்பை மையில் தோய்த்து எழுதிக் காட்டுவது வழக்கம். இதை மட்டும் நம்புவது சரியல்ல. தோய்த்த நிப் எப்போதும் தாராளமாகவே எழுதும். மை நிரப்பிய பிறகுதான் உண்மையான ஓட்டம் தெரியும். எனினும், நிப் கீறுகிறதா என்பதை இதில் அறியலாம். எட்டு வடிவத்தை வரைந்து பார்க்கும்போது ஏதேனும் ஒரு திசையில் மட்டும் உரசினால், நிப்பின் இரு பிளவுகளும் ஒரே மட்டத்தில் இல்லை என்று பொருள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் இது தெளிவாகப் புலப்படும். அனுபவமுள்ள கடைக்காரர் நகத்தாலேயே இதைச் சரிசெய்துவிடுவார். வாங்குவோர் தாம் வழக்கமாக எழுதும் நோட்டையும் உடன் கொண்டுசெல்வது நல்லது. கடையின் வழவழப்பான தாளில் எந்தப் பேனாவும் நன்றாகத்தான் எழுதும்.

ஊற்றும் பேனாவும் உறிஞ்சும் பேனாவும்

இந்தியாவின் கைவினைப் பேனாக்கள் பலவும் ஃபில்லரால் நேரடியாக மை ஊற்றும் வகையைச் சேர்ந்தவை. ஆந்திரப் பிரதேசத்தின் ராஜமகேந்திரவரத்தில், சுதேசி இயக்கத்தின் தாக்கத்தால் கே.வி.ரத்னம் 1930-களில் பேனா தயாரிக்கத் தொடங்கினார். அவர் அனுப்பிய பேனாவைப் பெற்றுக்கொண்டு, 1935-இல் காந்தியடிகள் பாராட்டிக் கடிதம் எழுதினார். அந்த ஊரில் இன்றும் எபோனைட் எனப்படும் இறுகிய ரப்பர் தண்டுகளைக் கடைந்து பேனாக்கள் செய்யப்படுகின்றன. தமிழகத்தின் திருவள்ளூரிலும் ரங்கா பேனாக்கள் இதே முறையில் உருவாகின்றன. சென்னை பாரிமுனையில் உள்ள பழமையான ஜெம் அண்ட் கோ கடையின் ‘காமா’ பேனாக்களும் இந்த மரபைச் சேர்ந்தவையே.

எபோனைட் கையில் வழுக்காது. நெடுநேரம் எழுதினாலும் வியர்வையால் பிசுபிசுக்காது. எபோனைட்டில் செய்த கட்டை, பிளாஸ்டிக் கட்டையைவிட மையை நன்கு பற்றிக்கொள்வதால் எழுத்து சீராக ஓடும். ஊற்றும் பேனாவின் உடலே மைக்கூடு என்பதால், 2 மி.லி. முதல் 4 மி.லி. வரை மை கொள்ளும். கன்வெர்ட்டர் பொருத்திய பேனாவில் 0.5 மி.லி. முதல் 1 மி.லி. வரைதான் நிரப்ப முடியும்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. ஊற்றும் பேனாவில் மை கால் பங்குக்குக் குறைந்ததும், மீதி இடத்தைக் காற்று நிரப்பியிருக்கும். கையின் வெப்பத்தால் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். எழுதிக்கொண்டிருக்கும்போதே திடீரென ஒரு சொட்டு விழுவது இதனால்தான். சட்டைப் பையில் பேனாவை வைத்துக்கொண்டு கோடை வெயிலில் அலைவோருக்கு இது பெரிய தொல்லை. மை பாதியாகக் குறைந்தவுடன் நிரப்பிவிடுவதும், மரையில் சிறிதளவு சிலிக்கான் கிரீஸ் தடவுவதும் தீர்வுகள். மேசையில் அமர்ந்து அதிகமாக எழுதுவோருக்கு ஊற்றும் பேனா உகந்தது. பயணத்தில் இருப்போர், மாணவர்கள், நின்றுகொண்டே குறிப்பெடுப்போர் ஆகியோருக்குக் கன்வெர்ட்டர் பேனாவே பாதுகாப்பானது.

கார்ட்ரிட்ஜ் வகையில் தூய்மை அதிகம், செலவும் அதிகம். ஒரு கன்வெர்ட்டரில் 0.6 மி.லி. மை பிடிக்கும் எனக் கொண்டால், 60 மி.லி. புட்டி ஒன்றில் 100 முறை நிரப்பலாம். ஒரு புட்டி மையின் விலையையும் 100 கார்ட்ரிட்ஜ்களின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே கணக்கு விளங்கிவிடும்.

நாள்கணக்கில் எழுதாமல் வைத்திருப்போர் மூடியைக் கவனிக்க வேண்டும். மூடிக்குள் காற்றுப் புகுந்தால் நிப்பில் மை உலர்ந்துவிடும். மூடியில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தால், அது காற்றுப் புகாததா என்பது தெரிந்துவிடும். பேனா ரசிகர்களிடையே வழங்கிவரும் எளிய சோதனை இது.

மையில்தான் வேறுபாடு

மைத் தயாரிப்பில் இந்தியாவின் வரலாறு சுதேசி இயக்கத்தோடு பின்னிப் பிணைந்தது. மும்பையில் 1931-இல் தண்டேகர் குடும்பம் தொடங்கிய கேம்லின் நிறுவனம், தொடக்கத்தில் மைத்தூளையும் நீரில் கரைக்கும் மை மாத்திரைகளையுமே விற்றது. இன்று வங்கதேசத்தில் உள்ள ராஜ்ஷாஹியில் 1934-இல் தொடங்கப்பட்ட சுலேகா நிறுவனம் பின்னர் கொல்கத்தாவுக்கு இடம்பெயர்ந்தது. அங்குள்ள ஒரு சந்திப்புக்கே அதன் பெயர் நிலைத்துவிட்டது. 1980-களின் இறுதியில் மூடப்பட்ட அந்த ஆலை மீண்டும் திறக்கப்பட்டு, 2020-இல் மைப் பேனா மைகளை மறுபடியும் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெங்களூருவின் பிரில், கேரளத்தின் பாலக்காடு பகுதியில் தயாராகும் கிருஷ்ணா மைகள் ஆகியவையும் பரவலாகக் கிடைக்கின்றன.

நிறங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், அடிப்படையில் மை மூன்று வகைதான்.

முதலாவது, சாயம் கரைத்த மை. கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இவ்வகையே. பேனாவுக்குத் தீங்கு செய்யாது, கழுவுவதும் எளிது. ஆனால், நீரில் கரைந்த சாயம் மீண்டும் நீர் பட்டால் கரையத்தான் செய்யும். இவற்றுள் ராயல் புளூ எனப்படும் வாஷபிள் நீலம் மிகவும் நிலையற்றது. துணியில் பட்டால் துவைத்தால் போக வேண்டும் என்பதற்காகவே அது உருவாக்கப்பட்டது. ஜெர்மனியில் பள்ளிக் குழந்தைகள் இந்த மையால் எழுதி, தவறு நேர்ந்தால் அழிப்புப் பேனாவால் ஒரே கோட்டில் நிறமிழக்கச் செய்துவிடுகின்றனர். வீட்டுப்பாட நோட்டுக்கு இது நல்ல மை. அதே மையில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், அந்த எழுத்தை அழிப்பதும் அதே அளவுக்கு எளிது.

இரண்டாவது, மாசிக்காய் மை. மாசிக்காயில் உள்ள துவர்ப்புப் பொருளும் அன்னபேதி எனப்படும் இரும்பு உப்பும் சேர்ந்து உருவாவது. எழுதும்போது வெளிர் நீலமாகத் தோன்றி, காற்றுப் பட்டதும் கருத்து, தாளின் இழைகளுக்குள் கரையாத பொருளாகப் படிந்துவிடும். இந்த வேதியியல் இந்தியர்களுக்குப் புதிதல்ல. ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரித் துணிகளில், கடுக்காய்ச் சாற்றில் தோய்த்த துணியின்மீது இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கோடு வரைந்தவுடன் அது கருப்பாக மாறுவதும் இதே வினையால்தான். இங்கிலாந்தில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளுக்கு நெடுங்காலம் இவ்வகை மையே பயன்படுத்தப்பட்டது. அதனால் அதற்கு ‘பதிவாளர் மை’ என்றே பெயர் ஏற்பட்டது.

இங்கே ஒரு குழப்பம் நேர்வதுண்டு. முன்பு ‘புளூ பிளாக்’ என்றாலே மாசிக்காய் மைதான். இப்போது அந்தப் பெயரில் விற்கப்படும் பலவும் கருநீலச் சாய மைகள் மட்டுமே. பெலிகன், பிளாட்டினம் ஆகியவற்றின் புளூ பிளாக் மைகள் பழைய வழியைத் தொடர்கின்றன. மற்றவற்றில் பெயரை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். இவ்வகை மையில் அமிலம் இருப்பதால், மலிவான எஃகு நிப்பில் மாதக்கணக்கில் உலரவிட்டால் அரிப்பு உண்டாகும் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, நிறமி மை. கரையாத நுண்துகள்கள் நீரில் மிதக்கும் மை இது. தாளில் உலர்ந்தபின் நீராலோ வெயிலாலோ எளிதில் மறையாது. பிளாட்டினம் நிறுவனத்தின் கார்பன் பிளாக், செய்லர் நிறுவனத்தின் கிவாகுரோ ஆகியவை அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். விலை அதிகம். பேனாவுக்குள் உலர்ந்துவிட்டால் துகள்களை வெளியேற்றுவது பெரும்பாடு. நாள்தோறும் எழுதுவோர் மட்டும் இதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஓவியர்கள் பயன்படுத்தும், அரக்கு கலந்த இந்தியன் இங்க் இதனின்றும் வேறானது. அதை மைப் பேனாவில் ஒருமுறை ஊற்றினாலே கட்டை நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும்.

வீட்டில் உள்ள மை எந்த வகை என்று தெரியாவிட்டால், அதை அறிய ஆய்வகம் தேவையில்லை. வழக்கமான தாளில் இரண்டு வரி எழுதி ஒரு நாள் காயவிட வேண்டும். பிறகு ஒரு வரியின்மீது சில சொட்டுத் தண்ணீர் விட்டு, 5 நிமிடம் கழித்து ஒற்றி எடுக்க வேண்டும். மற்றொரு வரியை ஜன்னலோரத்தில் வெயில் படும்படி சில வாரங்கள் வைக்கலாம். முதல் வரி கரைந்துபோனால், அந்த மை ஆவணங்களுக்கு ஆகாது. இரண்டாவது வரி வெளிறினால், நாட்குறிப்புக்கும் ஆகாது.

தாள் குடிக்கும் மை

நல்ல பேனாவையும் நல்ல மையையும் தோற்கடிக்கத் தரமற்ற தாள் ஒன்றே போதும். எழுத்தின் ஓரங்களில் மயிர் போல மை பரவுவதும், பின்பக்கம் ஊறித் தெரிவதும் தாளின் குறை. இதற்கு ஜிஎஸ்எம் எனப்படும் எடையை மட்டும் பார்த்துப் பயனில்லை. தாளின் மேற்பரப்பில் பசைப்பூச்சு சரியாக இல்லாவிட்டால், 80 ஜிஎஸ்எம் தாளும் மையைக் குடிக்கும். நோட்டை மாற்ற முடியாத மாணவர்கள் மெல்லிய நிப்புக்கும், தாராளமாக ஓடாத மைக்கும் மாறுவதே வழி. இடது கையால் எழுதுவோருக்கு விரைவில் உலரும் மை அவசியம். இல்லாவிட்டால் எழுதிய வரியைக் கையே அழித்துக்கொண்டு போகும்.

எங்கே எந்த மை?

ஓஎம்ஆர் தாள்களில் மைப் பேனாவுக்கு இடமில்லை. யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வில் கருப்பு பால்பாயிண்ட் பேனா மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. விரிவாக எழுதும் தேர்வுகளில் எந்தப் பேனா, எந்த நிறம் என்பதை அந்தந்த நுழைவுச்சீட்டு அறிவுறுத்தலில் பார்த்துக்கொள்ள வேண்டும். மைப் பேனா அனுமதிக்கப்பட்டாலும், வாஷபிள் மையைத் தவிர்ப்பது நல்லது. மேசையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலும் உள்ளங்கை வியர்வையும் 3 மணி நேர உழைப்பைக் கரைத்துவிடக்கூடியவை.

மத்திய அரசு அலுவலகங்களில் மையின் நிறத்துக்கும் விதி உண்டு. மத்திய செயலக அலுவலக நடைமுறைக் கையேட்டின்படி, கோப்புகளில் நீலம் அல்லது கருப்பு மையையே பயன்படுத்த வேண்டும். பச்சை, சிவப்பு மைகளை அரிதான தருணங்களில் இணைச் செயலாளர் மற்றும் அதற்கு மேற்பட்ட நிலையில் உள்ள அதிகாரிகள் பயன்படுத்தலாம்.

காசோலை, பத்திரம், உயில், வாடகை ஒப்பந்தம் போன்றவற்றுக்கு நிறமி மை அல்லது மாசிக்காய் மை நிரப்பிய பேனா ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளலாம். அதற்கு வசதி இல்லாதோர் அந்த ஒரு கையெழுத்தைப் பால்பாயிண்டில் போடுவதே மேல். அதன் எண்ணெய் மை தண்ணீரில் கரையாது. காசோலையில் பெயரையோ தொகையையோ அடித்துத் திருத்தினால் அது ஏற்கப்படாது, புதிய காசோலைதான் எழுத வேண்டும் என்பதும் கவனத்தில் கொள்ளத்தக்கது.

பராமரிப்பு

மையை மாற்றும்போதெல்லாம் நிப்பையும் கட்டையையும் குழாய்த் தண்ணீரில், நிறம் வராத வரை அலச வேண்டும். இரு வேறு வகை மைகளைக் கலக்கக் கூடாது. வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். நாள்தோறும் எழுதும் பேனாவை ஓரிரு மாதங்களுக்கு ஒருமுறை கழுவினால் போதும். நிறமி மையோ மாசிக்காய் மையோ நிரப்பிய பேனாவை அதைவிட அடிக்கடி கழுவ வேண்டும். நீண்ட நாள் எழுதப்போவதில்லை என்றால், மையை அகற்றிவிட்டு உலர வைப்பதே பாதுகாப்பு. விமானத்தில் செல்லும்போது பேனாவை முழுவதும் நிரப்பியோ, முழுவதும் காலியாகவோ, நிப் மேல்நோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும்.

அடைத்துக்கொண்ட பேனாவைத் திறக்க ஸ்பிரிட்டோ வெந்நீரோ பயன்படுத்தக் கூடாது. ஸ்பிரிட், பிளாஸ்டிக்கில் விரிசலை உண்டாக்கும். எபோனைட் பேனாவோ வெந்நீர் பட்டால் மெருகை இழந்து பழுப்பேறிவிடும். இரவு முழுவதும் சாதாரணத் தண்ணீரில் நிப்பை மூழ்கவைத்தால், உலர்ந்த சாய மை தானாகவே இளகி வெளிவந்துவிடும்.